சியாவ் யாங்: சீன உச்ச நீதிமன்றத் தலைவர் ஒருவரின் பணிவாழ்க்கை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சியாவ் யாங் என்பவர் யார்?

சீனாவின் உச்ச மக்கள் நீதிமன்றத்துக்கு 1998 மார்ச் முதல் 2008 மார்ச் வரை, ஐந்தாண்டுப் பதவிக்காலம் இரண்டில், தலைவராக இருந்தவர். அதற்கு முன் ஐந்தாண்டுகள் அந்நாட்டின் நீதித்துறை அமைச்சராகவும், அதற்கும் முன் அரசுத் தரப்பில் வழக்குத் தொடுக்கும் துறையின் உயர் அதிகாரியாகவும் பணியாற்றினார். 1938-இல் குவாங்டாங் மாகாணத்தின் ஹெயுவான் பகுதியில் பிறந்த அவர், 2019 ஏப்ரல் 19 அன்று பெய்ஜிங்கில் காலமானார். மரண தண்டனையை இறுதியாக உறுதிசெய்யும் அதிகாரத்தை மாகாண நீதிமன்றங்களிடமிருந்து மீட்டு, உச்ச நீதிமன்றத்தின் கையில் மீண்டும் ஒப்படைத்த மாற்றத்துடன் அவருடைய பெயர் சேர்ந்தே பேசப்படுகிறது.

அவர் நீதிபதியா, அரசியல்வாதியா?

இரண்டும்தான். ஆனால் இந்தக் கேள்வி நமக்குத் தோன்றும் அளவுக்குச் சீனாவில் கூர்மையானது அன்று. 1998-இல் நாட்டின் தலைமை நீதிபதியாகும்வரை அவர் எந்த நீதிமன்றத்திலும் நீதிபதியாக அமர்ந்ததில்லை. உச்ச நீதிமன்றத்தின் தலைவரை முழு நாடாளுமன்றமான தேசிய மக்கள் பேரவை தேர்ந்தெடுக்கிறது. அவருடைய பதவிக்காலம் பேரவையின் பதவிக்காலத்தோடு ஒத்தது. தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் அப்பதவியில் இருக்க அரசியலமைப்புச் சட்டம் இடந்தருவதில்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. ஆகவே நீதிமன்ற அனுபவத்தைவிடக் கட்சியிலும் நிர்வாகத்திலும் பெற்ற அனுபவமே அந்த நாற்காலிக்குத் தகுதியாகக் கருதப்பட்டு வந்திருக்கிறது. அந்த வரிசையில், முறையாகச் சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர் என்ற வகையில் சியாவ் யாங் சற்றே வேறுபட்டவர் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவருடைய தொடக்ககாலம் எப்படி இருந்தது?

பெய்ஜிங்கில் உள்ள ரென்மின் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1962-இல் வெளியேறினார். சட்டம் படித்தவருக்கு அது மிக மோசமான காலம். நீதித்துறை அமைச்சகம் 1959-இலேயே கலைக்கப்பட்டிருந்தது. அடுத்து வந்த கலாசாரப் புரட்சியின்போது சட்டக் கல்வி ஏறக்குறைய நின்றுபோனது. 1975-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் வழக்குத் தொடுக்கும் துறையையே ஒழித்தது. சின்ஜியாங்கில் சிறிது காலம் ஆசிரியராக இருந்த சியாவ் யாங், பின்னர் சொந்த மாகாணத்துக்குத் திரும்பி, வட குவாங்டாங்கின் சூஜியாங் மாவட்டத்தில் கீழ்நிலை அலுவலராகத் தொடங்கி, அம்மாவட்டக் கட்சிச் செயலாளர் பதவிவரை உயர்ந்தார். 1966-இல் கட்சியில் சேர்ந்திருந்தார். சட்டப் பட்டதாரி ஒருவர் இருபது ஆண்டுகள் ஊரக நிர்வாகத்தில் கழித்ததை வீண் என்று கருதிவிட முடியாது. கோப்பு எப்படி நகர்கிறது, யார் சொன்னால் எது நடக்கும் என்பதெல்லாம் அவருக்கு அங்கேதான் பழக்கமாகியிருக்க வேண்டும்.

குவாங்டாங்கில் அவர் என்ன செய்தார்?

1983-இல் மாகாண வழக்குத் தொடுப்புத் துறையின் துணைத் தலைவராகவும் 1986-இல் அதன் தலைவராகவும் ஆனார். டெங் சியாவ்பிங்கின் பொருளாதாரச் சீர்திருத்தம் முதலில் கால்பதித்த மாகாணம் அது. ஷென்ஜென் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் பணம் பெருகிய வேகத்திலேயே லஞ்சமும் பெருகியது. எல்லைக்கு அப்பால் ஹாங்காங்கில் 1974 முதல் ஊழலுக்கு எதிரான தனி ஆணையம் ஒன்று இயங்கி வந்தது. கண்முன்னே ஒரு முன்மாதிரி இருந்தது என்று பொருள்.

1988 மார்ச்சில், பொருளாதாரக் குற்றங்கள் குறித்துப் பொதுமக்கள் புகார் தெரிவிப்பதற்கான நாட்டின் முதல் மையம் ஷென்ஜென் வழக்குத் தொடுப்புத் துறையில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, 1989 ஆகஸ்ட் 18 அன்று, குவாங்டாங் மாகாண வழக்குத் தொடுப்புத் துறைக்குள் ஊழல், லஞ்ச வழக்குகளுக்கென்றே ஒரு தனிப் பிரிவு நிறுவப்பட்டது. சீனாவில் அத்தகைய அமைப்பு அதுவே முதலாவது. அதுவரை புகார் வாங்குவது ஓரிடம், துப்பறிவது ஓரிடம், தடுப்பு முயற்சி இன்னோரிடம் எனச் சிதறிக்கிடந்த வேலைகள் ஒரே கூரையின்கீழ் வந்தன. 1995-இல் தேசிய அளவிலும் அப்படியொரு தலைமைப் பிரிவு அமைந்தபோது, குவாங்டாங்கின் அமைப்பே அதற்கு அடிப்படையாக இருந்தது. அதற்குள் சியாவ் யாங் பெய்ஜிங்குக்குப் போய்விட்டார். 1990-இல் உச்ச மக்கள் வழக்குத் தொடுப்புத் துறையின் துணைத் தலைவராக அவர் நியமிக்கப்பட்டிருந்தார்.

(இந்தப் பிரிவுகள் இன்று அத்துறையில் இல்லை. 2018-இல் தேசிய மேற்பார்வை ஆணையம் உருவாக்கப்பட்டபோது, அவற்றின் பணியும் பணியாளர்களும் அதற்கு மாற்றப்பட்டன.)

நீதித்துறை அமைச்சராக அவருடைய பங்கு என்ன?

1993 முதல் 1998 வரை அமைச்சராக இருந்த காலத்தில், சிறைச்சாலைச் சட்டம் 1994 டிசம்பரிலும் வழக்கறிஞர்கள் சட்டம் 1996 மே மாதத்திலும் நிறைவேறின. வழக்கறிஞர் என்பவர் அரசு ஊழியர் என்ற நிலை மாறி, கூட்டு நிறுவனங்களாகத் தொழில் நடத்தும் முறை பரவியது இக்காலத்தில்தான். வசதியற்றோருக்கு இலவசச் சட்ட உதவி என்ற ஏற்பாடும் அவருடைய அமைச்சகத்தின் முயற்சியால் வேரூன்றியது. 1995-இல் குவாங்ஜோவில் திறக்கப்பட்ட மையம் இவ்வகையில் முன்னோடி.

இவற்றையெல்லாம்விட எனக்குச் சுவையாகப் படுவது வேறொன்று. 1994 டிசம்பரில், கட்சித் தலைமையின் வளாகமான ஜோங்னான்ஹாயில் ஜியாங் செமின் உள்ளிட்ட தலைவர்களை உட்காரவைத்துச் சட்ட விரிவுரை நடத்தும் வழக்கத்தை நீதித்துறை அமைச்சகம் தொடங்கிவைத்தது. முதல் விரிவுரையின் பொருள் சர்வதேச வணிகச் சட்டம்; நிகழ்த்தியவர் ஷாங்காயின் சட்டப் பேராசிரியர் காவ் ஜியான்மிங். அவரே பிற்காலத்தில் உச்ச நீதிமன்றத்தின் துணைத் தலைவராகவும், பின்னர் வழக்குத் தொடுப்புத் துறையின் தலைவராகவும் ஆனார். 1996-இல் நடந்த விரிவுரை ஒன்று சட்டத்தின்படி நாட்டை ஆளுதல் பற்றியது. 1997-இன் கட்சி மாநாடு அதைக் கொள்கையாக ஏற்றது. 1999-இல் அது அரசியலமைப்புச் சட்டத்துக்குள்ளும் நுழைந்தது. மேலிடத்தின் ஒப்புதலைப் பெற்றுக்கொண்டு, அதன் நிழலில் அமைப்புகளைக் கட்டுவது சியாவ் யாங்கின் வழி என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான சான்று தேவையில்லை.

உச்ச நீதிமன்றத் தலைவருக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் உண்டு?

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிடக் குறைவு. முற்றிலும் இல்லை என்றும் சொல்ல முடியாது. நீதிமன்றம், காவல்துறை, வழக்குத் தொடுப்புத் துறை ஆகிய அனைத்துக்கும் மேலே கட்சியின் அரசியல்-சட்ட விவகார ஆணையம் இருக்கிறது. சியாவ் யாங்குக்கு முன்பு உச்ச நீதிமன்றத் தலைவராக இருந்த ரென் ஜியான்சின், 1992 முதல் அந்த ஆணையத்துக்கும் தானே தலைமை வகித்தார். சியாவ் யாங்குக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. ஆணையத்தின் தலைமை லுவோ கானிடம் சென்றது; அவர் 2002-இல் கட்சியின் உச்ச அமைப்பான அரசியல் குழு நிலைக்குழுவிலும் இடம்பெற்றார். அதாவது, நாட்டின் தலைமை நீதிபதியைவிடப் பல படிகள் உயர்ந்த ஒருவர் நீதித்துறையின் அரசியல் மேற்பார்வையாளராக இருந்தார்.

மாகாண, மாவட்ட நீதிமன்றங்களுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். அவற்றின் ஊதியத்துக்கும் கட்டடத்துக்கும் அந்தந்த ஊர் அரசே பணம் தந்தது. நீதிபதிகளை நியமித்ததும் உள்ளூர் மக்கள் பேரவையே. உள்ளூர் நிறுவனத்துக்கு எதிராக வெளியூர்க்காரர் வாங்கிய தீர்ப்பு ஏட்டளவில் நின்றுவிடுவது அன்றைய சீனாவில் அன்றாடப் புகார். இதற்கென்று 1999-இல் கட்சி மையக்குழுவே தனி ஆவணம் வெளியிட வேண்டியிருந்தது.

அங்கியும் சுத்தியலும் அவர் கொண்டுவந்தவையா?

ஆம், அவருடைய காலத்தில் வந்தவை. 1984 முதல் சீன நீதிபதிகள் தோளில் பதவிச் சின்னமும் அகன்ற விளிம்புத் தொப்பியுமாக, ராணுவ அதிகாரிகளைப் போன்ற சீருடையில் அமர்ந்து வந்தனர். புத்தாயிரத்தின் தொடக்கத்தில் அவை நீங்கி, முன்புறம் சிவப்புப் பட்டையும் அதில் நான்கு பொன்னிறப் பொத்தான்களும் கொண்ட கறுப்பு அங்கி வந்தது. 2002 ஜூன் 1 முதல் தலைமை வகிக்கும் நீதிபதிக்கு மரச் சுத்தியலும் தரப்பட்டது. எந்தத் தறுவாயில் எப்படித் தட்டுவது என்பதற்கும் விதிகள் எழுதப்பட்டன. சீன மரபில் இல்லாததை மேற்கிலிருந்து கடன் வாங்கியதாக அப்போது கேலி செய்தவர்கள் உண்டு.

ஆனால் உடையைவிட முக்கியமானது அதை அணிபவரின் படிப்பு. ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள் நேரடியாக நீதிமன்றங்களில் அமர்த்தப்படுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2001-இல் நீதிபதிகள் சட்டம் திருத்தப்பட்டு, புதிதாக நீதிபதியாக விரும்புவோர் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்றானது. நீதிபதி, அரசு வழக்கு நடத்துநர், வழக்கறிஞர் மூவருக்கும் பொதுவான தேசியத் தேர்வு 2002 மார்ச்சில் முதன்முதலாக நடந்தபோது, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். தேறியவர்கள் மிகச் சிலரே. இந்தத் தேர்வுக்கு முன், பின் என்று சீன நீதித்துறையைப் பிரித்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து.

மரண தண்டனை அதிகாரம் ஏன் மாகாணங்களிடம் போயிருந்தது?

1979-ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டங்கள், ஒவ்வொரு மரண தண்டனையையும் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ய வேண்டும் என்றுதான் கூறின. ஆனால் அடுத்த ஆண்டிலிருந்தே தற்காலிக ஏற்பாடாகச் சில குற்றங்களில் அந்த அதிகாரம் மாகாண உயர் நீதிமன்றங்களுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. 1983-இல் குற்றங்களைக் கடுமையாக ஒடுக்கும் நாடு தழுவிய இயக்கம் தொடங்கியபோது, நீதிமன்ற அமைப்புச் சட்டமே திருத்தப்பட்டு, கொலை, கொள்ளை, பாலியல் வன்முறை, வெடிவைப்பு போன்றவற்றில் உயர் நீதிமன்றங்களே இறுதி முடிவு எடுக்கலாம் என்றானது. 1990-களில் போதைப்பொருள் வழக்குகளிலும் யூனான், குவாங்டாங் முதலான மாகாணங்களுக்கு இதே உரிமை தரப்பட்டது.

இதன் விளைவு விசித்திரமானது. மரண தண்டனைக்கு எதிரான மேல்முறையீட்டை விசாரிப்பதும் உயர் நீதிமன்றம். அதே தண்டனையை மறுபடி சரிபார்த்து உறுதிசெய்ய வேண்டியதும் அதே உயர் நீதிமன்றம். இரண்டு படிகளும் ஒன்றாக உருகி, சரிபார்ப்பு என்பது பெயரளவுக்கு ஆனது. ஒரே குற்றத்துக்கு ஒரு மாகாணத்தில் சிறையும் இன்னொரு மாகாணத்தில் மரணமும் என்ற முரணும் சேர்ந்துகொண்டது. 2005 வசந்தத்தில் ஹூபெய் மாகாணத்தில் நடந்த நிகழ்வு இதை மூடிமறைக்க முடியாதபடி செய்தது: மனைவியைக் கொன்றதாகத் தீர்ப்பளிக்கப்பட்டுப் பதினொரு ஆண்டுகளாகச் சிறையில் இருந்த ஒருவரின் மனைவி உயிருடன் ஊர் திரும்பினார். அந்தக் கணவருக்கு முதலில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னரே அது சிறைத் தண்டனையாகக் குறைந்திருந்தது. அந்த முதல் தீர்ப்பு நிறைவேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி சீன நாளேடுகளிலேயே எழுந்தது.

அந்த அதிகாரம் எப்படி மீட்கப்பட்டது?

சட்டத் திருத்தம் ஒரு நாள் வேலை. அதற்கான ஆட்களைத் திரட்டுவதே பெரும்பாடு. உச்ச நீதிமன்றத்தில் இரண்டாக இருந்த குற்றவியல் பிரிவுகள் ஐந்தாயின; நாடெங்கிலுமிருந்து அனுபவமுள்ள நீதிபதிகளும், சட்டக் கல்லூரிகளிலிருந்து இளைஞர்களும் பெய்ஜிங்குக்கு வரவழைக்கப்பட்டனர். மேல்முறையீடு வெறும் தாள்களைப் படித்து முடிக்கப்படும் வழக்கத்தை ஒழிக்க, 2006-இன் பிற்பாதி முதல் எல்லா மரண தண்டனை மேல்முறையீடுகளையும் திறந்த நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டும் என்று உத்தரவானது. 2006 அக்டோபர் 31 அன்று தேசிய மக்கள் பேரவையின் நிலைக்குழு திருத்தத்தை நிறைவேற்ற, 2007 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

நடைமுறை இவ்வாறு அமைந்தது. மாகாணத்திலிருந்து வரும் கோப்பை மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு படிக்கிறது. சாட்சியத்தில் ஓட்டை இருந்தாலோ, சட்டம் தவறாகப் பொருத்தப்பட்டிருந்தாலோ, தண்டனை மிகையாக இருந்தாலோ அது திருப்பி அனுப்பப்படுகிறது. உறுதியாகிவிட்டால், நிறைவேற்ற ஆணையில் உச்ச நீதிமன்றத் தலைவரே கையொப்பமிட வேண்டும். ஆணை கைக்குக் கிடைத்த ஏழு நாட்களுக்குள் கீழமை நீதிமன்றம் அதை நிறைவேற்ற வேண்டும். கால் நூற்றாண்டுக்கு அருகில் மாகாணத் தலைமை நீதிபதிகள் இட்டு வந்த கையொப்பத்தை, 2007 முதல் நாட்டின் ஒவ்வொரு மரண தண்டனைக்கும் சியாவ் யாங்தான் இட வேண்டியிருந்தது. பதவியில் எஞ்சியிருந்த சுமார் பதினான்கு மாதங்களுக்கு அந்தச் சுமை அவருடையது. லஞ்ச வழக்கில் தண்டனை பெற்ற உணவு, மருந்து ஒழுங்குமுறைத் துறையின் முன்னாள் தலைவர் ஜெங் சியாவ்யூ, மே மாத இறுதியில் தீர்ப்பளிக்கப்பட்டு 2007 ஜூலை 10 அன்று, எப்படிக் கொல்லப்பட்டார் என்பதுகூட அறிவிக்கப்படாமல் முடிக்கப்பட்டதும் இந்தப் புதிய முறையின்கீழ்தான். மேலிடம் அவசரம் காட்டினால் சரிபார்ப்பும் அவசரமாகவே முடியும் என்பதற்கு அது சான்று.

மரண தண்டனைகள் உண்மையில் குறைந்தனவா?

எத்தனை பேர் கொல்லப்படுகிறார்கள் என்பது சீனாவில் அரசு ரகசியம். எனவே மொத்த எண்ணிக்கையை வைத்து எதையும் நிறுவ இயலாது. ஆயினும், 2008-இன் முற்பாதியில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மரண தண்டனைகளில் சுமார் 15 சதவீதம் ஏற்கப்படவில்லை என்று அந்நீதிமன்றத்தின் நீதிபதியே சீனப் பத்திரிகைக்குத் தெரிவித்தார். பெய்ஜிங் திருப்பி அனுப்பிவிடும் என்ற அச்சத்தால் மாகாண நீதிமன்றங்கள் முதல் கட்டத்திலேயே ஈராண்டு நிறுத்திவைப்புடன் கூடிய மரண தண்டனையை அதிகம் நாடத் தொடங்கியதும் இதன் விளைவே. அத்தகைய தண்டனை பெரும்பாலும் ஆயுள் சிறையாக மாறிவிடும். ஒழிப்பு என்பது அவருடைய இலக்காக இருந்ததே இல்லை. குறைவாக, கவனத்துடன் கொல்லுதல் என்பதே கட்சியின் பழைய கோட்பாடு. அவர் செய்தது அதற்கு ஒரு நடைமுறையைக் கட்டியதுதான்.

அரசியலமைப்புச் சட்டத்தை நீதிமன்றத்தில் பயன்படுத்த அவர் முயன்றாரா?

ஒரு தடவை, ஓரளவுக்கு. ஷான்டாங் மாகாணத்தில் மாணவி ஒருத்தியின் தேர்ச்சியையும் பெயரையும் திருடி, வேறொருத்தி கல்லூரியில் சேர்ந்து வேலைக்கும் போய்விட்ட வழக்கில், பாதிக்கப்பட்டவரின் கல்வியுரிமை அரசியலமைப்புச் சட்டப்படி மீறப்பட்டுள்ளது என்று 2001 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பதில் விளக்கம் அளித்தது. சீனாவின் முதல் அரசியலமைப்பு வழக்கு என்று சட்ட அறிஞர்கள் அதைக் கொண்டாடினர். ஆனால் அதைப் பின்தொடர்ந்து எதுவும் வரவில்லை. சியாவ் யாங் ஓய்வுபெற்ற அதே ஆண்டு டிசம்பரில், காரணம் விளக்காமல் அந்த விளக்கம் விலக்கிக்கொள்ளப்பட்டது.

அவர்மீதான விமர்சனங்கள் யாவை?

கட்சி கேட்டதை மறுக்காதவர் என்பதே முதன்மையானது. 1999-இல் ஃபாலுன் காங் என்ற ஆன்மிகப் பயிற்சி இயக்கம் தடைசெய்யப்பட்டபோது, அதைப் பின்பற்றுவோரைத் தண்டிக்க வழிசெய்யும் சட்ட விளக்கத்தை உச்ச நீதிமன்றமும் வழக்குத் தொடுப்புத் துறையும் அவ்வாண்டு அக்டோபரில் இணைந்து வெளியிட்டன. நீதிமன்றக் கதவை மூடவும் அவர் தயங்கவில்லை: பங்குச்சந்தையில் பொய்க் கணக்குக் காட்டிய நிறுவனங்கள்மீது முதலீட்டாளர்கள் வழக்குத் தொடர்ந்தபோது, 2001 செப்டம்பரில் அவற்றைத் தற்காலிகமாக ஏற்க வேண்டாம் என்று கீழமை நீதிமன்றங்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. சில மாதங்களில் அது தளர்ந்து, 2003-இல் முறையான விதிகள் வந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஊழலை எதிர்த்து உயர்ந்தவரின் துறையிலேயே ஊழல் மலிந்திருந்தது. 2001 பிப்ரவரியில் ஷென்யாங் நகர மக்கள் பேரவை, அந்நகர நீதிமன்றத்தின் ஆண்டறிக்கையை வாக்கெடுப்பில் நிராகரித்தது. அதற்கு முன் கேள்விப்படாத செயல். குவாங்டாங், ஹூனான் உயர் நீதிமன்றங்களின் தலைவர்களாக இருந்தவர்கள் லஞ்ச வழக்குகளில் தண்டிக்கப்பட்டனர். பெரிய அடி அவர் ஓய்வுபெற்ற பின் விழுந்தது: அவருக்குக் கீழே துணைத் தலைவராக இருந்த, மேற்சொன்ன கல்வியுரிமை விளக்கத்தின் பின்னணியில் இருந்தவரான ஹுவாங் சொங்யூ, 2008 அக்டோபரில் பதவி நீக்கப்பட்டு, 2010 ஜனவரியில் ஆயுள் தண்டனை பெற்றார்.

அவருக்குப் பின் வந்தவர்கள் அதே வழியில் சென்றார்களா?

உடனடியாக இல்லை. 2008-இல் பொறுப்பேற்ற வாங் ஷெங்ஜுன் வரலாறு படித்தவர். காவல்துறையிலும் அரசியல்-சட்ட ஆணையத்திலும் வளர்ந்தவர். கட்சியின் நலன், மக்களின் நலன், சட்டம் மூன்றுமே மேலானவை என்ற முழக்கத்தை நீதிமன்றங்களில் முன்னிறுத்தி, தீர்ப்பைவிடச் சமரசத்துக்கு அவர் முதலிடம் தந்தார். தேர்ச்சி பெற்ற நீதிபதி என்ற சியாவ் யாங்கின் எண்ணம் பின்னுக்குப் போயிற்று. 2013 முதல் 2023 வரை தலைவராக இருந்த ஜோ சியாங், சட்டத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். தொழில்முறை நீதிபதிகள் என்ற பாதைக்குத் திரும்பினார், எனினும் மேற்கத்திய பாணி நீதித்துறைச் சுதந்திரத்தை எதிர்க்க வேண்டும் என்று 2017 ஜனவரியில் வெளிப்படையாகப் பேசியவரும் அவரே. இத்தனை மாற்றத்திலும் மரண தண்டனை அதிகாரம் மட்டும் மாகாணங்களுக்குத் திரும்பவில்லை.

2023 மார்ச் முதல் தலைவராக இருப்பவர் ஜாங் ஜுன். நீதித்துறை அமைச்சர், வழக்குத் தொடுப்புத் துறையின் தலைவர் என்ற பதவிகளை வகித்துவிட்டு இங்கு வந்தவர் என்பதால் அவருடைய பயணம் சியாவ் யாங்கினுடையதை ஒத்திருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு: அவர் ஏற்கெனவே நீதிபதி. 2007 ஜனவரியில் மரண தண்டனைக் கோப்புகள் பெய்ஜிங்குக்கு வரத் தொடங்கியபோது, சியாவ் யாங்கின்கீழ் உச்ச நீதிமன்றத்தின் துணைத் தலைவர்களில் ஒருவராக அவர் இருந்தார்.